ஒரு கைக்கு மட்டும் வளர்ந்த சிங்கன்

போன மாதம் கொடிகாமத்தில் வேலை பார்க்கும் இளம் மிருக வைத்தியர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கொழும்பிலிருந்து வந்த பேருந்தில் ஒரு மட்டைப்பெட்டி வந்து இறங்கியதாம். பெட்டியில் காற்றுப் போக நாலைந்து துளைகள். உள்ளே ஒரு வெளிநாட்டுச் சாதி நாய்க்குட்டி. கைபேசியில் படம் பார்த்துப் பணம் அனுப்பியவர், ஆசையோடு பெட்டியைத் திறந்து கையை நீட்டியிருக்கிறார். மூலைக்குள் ஒடுங்கிக் கிடந்த குட்டி விரலைக் கடித்துவிட்டது.

"மேடம், உந்தக் குட்டியைத் திருத்தலாமோ? இல்லாட்டி உது பிறவிக் குணமோ? நாய் வாலை நிமிர்த்த ஏலாது எண்டு சனம் சொல்லுது" என்று அவர் கேட்டார்.

ஓய்வு பெற்றவர்களிடம் கேள்வி கேட்பது ஆபத்தான வேலை. ஒரு கேள்வி கேட்டால் ஓர் ஆயுளைச் சொல்லத் தொடங்கிவிடுவோம். பாவம், அவருக்கு வெளியே நோயாளிகள் காத்திருந்தன. "வாலை விடும் தம்பி, அது எப்படியும் இருந்திட்டுப் போகட்டும். மிச்சத்தை எழுதித் தாறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த மிச்சம்தான் இது.

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாடு, ஆடு, கோழி என்று பாடங்கள் நிறைந்திருந்தன. நாய்க்கு ஒதுக்கிய பக்கங்கள் குறைவு, நாய்க்குட்டிக்கு அதைவிடக் குறைவு. யாழ்ப்பாணம் திரும்பி வேலையில் சேர்ந்ததும் சனம் எனக்கு வைத்த பெயர் 'மாட்டு டொக்குத்தரம்மா'. ஒரு பொம்பிளை தோள்வரை கையுறை போட்டுக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் நிற்பதைப் பார்க்கவே வேலியோரம் ஆட்கள் கூடுவார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு வேடிக்கை பார்க்க வந்தவர்களையே மாட்டைப் பிடிக்கச் சொன்னேன். கூட்டம் தானாகக் குறைந்தது.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் வைத்தியர் இராசநாயகம். உயர்ந்த, மெலிந்த மனிதர். கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும். அவர் மெதுவாகக் கதைக்கத் தொடங்கினால் அலுவலகமே நிமிர்ந்து உட்காரும். கடிநாய் என்று யாராவது ஒன்றைச் சங்கிலியில் இழுத்துக்கொண்டு வந்தால், அவருக்கு ஒரு முறை இருந்தது. சங்கிலி எட்டாத தூரத்தில் ஒரு முக்காலியைப் போடுவார். நாய்க்கு முதுகைக் காட்டி உட்காருவார். சட்டைப் பையிலிருந்து ஒரு றஸ்க் துண்டை எடுத்து, தானே கடித்துத் தின்னத் தொடங்குவார். துகள்கள் சுற்றிவர விழும். நாயைப் பார்க்கமாட்டார், கூப்பிடமாட்டார். சொந்தக்காரரிடம் மட்டும் கேள்வி கேட்பார்.

"குட்டியை எப்ப தாயிட்டை இருந்து எடுத்தனீர்? கூடப் பிறந்ததுகளோடை விளையாடினதோ? சின்னனிலை ஆரார் தூக்கினவை? ஆர் சோறு வைக்கிறது?"

"ஐயா, வயித்தாலை போகுது, அதுக்கு மருந்து..." என்று வந்தவர் இழுப்பார்.

"அதைப் பேந்து பாப்பம். கேட்டதுக்குச் சொல்லும்."

அதற்குள் நாயின் குரைப்பு உறுமலாகி, உறுமல் மூச்சாகிவிடும். இராசநாயகம் ஐயாவின் இடக்கை முதுகுப் பக்கம் விரிந்தபடி தொங்கும். அதில் ஒரு றஸ்க் துண்டு இருக்கும். சொந்தக்காரர் சங்கிலியை மெல்லத் தளர்த்த, நாய் துகள்களை மோந்து மோந்து அந்தக் கைக்கு வரும். அவர் ஒருநாளும் முதலில் திரும்பியதில்லை. "நீர் திரும்பினா அது உம்மடை அவசரம். அது கிட்ட வந்தா அது அதின்ரை விருப்பம்" என்பார். வந்தவர்கள் எரிச்சல்பட்டார்கள், வரிசை நீண்டது, நானும் பல நாள் மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் கையில் ஒரு கடித் தழும்பும் இல்லை. என் கையில் முதல் வருடத்திலேயே மூன்று.

ஜீப் நிற்கும் கொட்டிலுக்குள் ஓர் ஊர்ப் பெட்டை நாய் குட்டி போட்டபோது, ஐயா எனக்கு ஒரு வேலை தந்தார். தினமும் அதைப் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அவமானமாக இருந்தது. பட்டம் பெற்றுவந்தவளை நாய்க்குட்டி பார்க்க விடுகிறாரே என்று வீட்டில் போய் முறையிட்டேன்.

முதற் கிழமைகளில் அவற்றுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. சூடும் பால் மணமும்தான் உலகம். தாய் நக்கிவிடாவிட்டால் மூத்திரம்கூடப் போகத் தெரியாது. பிறகு கண் திறந்தது. ஒரு காலை என் கையிலிருந்த தகரத் தட்டு நிலத்தில் விழுந்தது. முதல் நாள்வரை எந்தச் சத்தத்துக்கும் அசையாத குட்டிகள் எல்லாம் ஒன்றாகத் துள்ளின. ஓடிப்போய் ஐயாவிடம் சொன்னேன். "ஆ, இண்டைக்குத்தான் உதுகளுக்குப் பள்ளிக்கூடம் துவங்குது" என்றார்.

பள்ளிக்கூடம்தான். ஒன்றையொன்று கடித்து விளையாடும். கடி பலமாக விழுந்தால் கடிபட்டது வீரிட்டுக் கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். கடித்தது திகைத்து நிற்கும். பால் குடிக்கும்போது பல் பட்டால் தாய் எழுந்து போய்விடும். எவ்வளவு கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை ஒரு நாய் படிப்பது அந்த நாட்களில்தான், அந்த வாத்திமாரிடம்தான். அப்போது ஐயா எனக்கு அடுத்த வேலையைத் தந்தார். நாளுக்கு ஒரு புதிய ஆளைக் குட்டிகளிடம் கூட்டிவர வேண்டும். சாரம் கட்டியவர், சீலை கட்டியவர், தொப்பி போட்டவர், அழுகிற பிள்ளை, விரித்த குடை, மணி அடிக்கும் சைக்கிள் எல்லாம் வந்தன.

"இந்தக் கதவு கொஞ்ச நாளைக்குத்தான் திறந்து கிடக்கும். மூண்டாம் மாசத்தோடை மெல்லச் சாத்தத் துவங்கும். அதுக்குள்ளை உள்ளுக்குப் போனதெல்லாம் சொந்தம். பேந்து வாறதெல்லாம் கள்ளன்" என்றார் ஐயா.

அவர் சொன்னதை ஊரில் கண்ணால் கண்டேன். போர்க்காலத்துச் செல்லடிக்குள் பிறந்து வளர்ந்த நாய்கள் கோயில் வெடிக்குத் தலையைக்கூடத் தூக்காது. சண்டை முடிந்தபின் பிறந்தவை அதே வெடிக்குக் கட்டிலுக்குக் கீழே போய் நடுங்கும்.

எங்கள் சனத்திடம் இன்னொரு பழக்கம் உண்டு. கடுவன் குட்டி என்றால் கண் திறக்க முதலே சொல்லிவைத்து எடுத்துப் போவார்கள். பெட்டைக் குட்டிகளை உரப்பையில் போட்டுச் சந்தைப் பக்கம் விட்டுவிடுவார்கள். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

குட்டி வளர்ப்பைப் பற்றி எனக்குக் கற்பித்த இன்னொருவர் ஹனீபா நானா. தொண்ணூறில் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டுப் பல வருடம் கழித்துப் பட்டினத்துக்குத் திரும்பி வந்த குடும்பம். இடிந்த வீட்டின் முன்பக்கத்தைக் கட்டி முடித்து, பின் அறைக்குக் கூரை போட ஆயத்தமான நேரம் அந்த அறைக்குள் ஒரு தெருநாய் குட்டி போட்டுவிட்டது. என்னை அழைத்தார். நாயை அப்புறப்படுத்தக் கேட்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். தாய்க்குச் சொறி, அதற்கு மருந்துதான் கேட்டார்.

"கூரை வேலையை நிப்பாட்டிப் போட்டன் டொக்டர். குட்டியள் நடக்கட்டும். எங்கடை மார்க்கத்திலை உதின்ரை எச்சில் பட்டால் முறையாக் கழுவோணும், அதாலை நாங்கள் தூக்கிறேல்லை. ஆனா தண்ணி வையாதே எண்டு ஒருத்தரும் சொல்லேல்லைத்தானே? அநாதையா வீட்டை விட்டுப் போனவனுக்கு இதுகளைத் துரத்த மனம் வருமோ?"

காலையும் மாலையும் சிரட்டையில் தண்ணீர் வைப்பார். வாசலில் நின்று குட்டிகளோடு ஊர்க்கதை கதைப்பார். வளர்ந்தபின் அந்த நாய்கள் மனிதக் குரல் கேட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வரும். யாராவது தொடக் கையைத் தூக்கினால் மட்டும் ஒரு முழம் பின்னால் பாயும். குரலைப் பழக்குவது வேறு, கையைப் பழக்குவது வேறு என்று அங்கேதான் எனக்கு விளங்கியது. பின்னால் ஒரு நாள் அந்த அறிவு எனக்குத் தேவைப்பட்டது.

அந்த நாள் வந்தது பண்டத்தரிப்புப் பக்கத்தில், நான் ஓய்வு பெறச் சில வருடங்களுக்கு முன்.

நடராசா ஐயா தபாலதிபராக இருந்து இளைப்பாறியவர். மனைவி இல்லை. ஒரே மகள் டென்மார்க்கில். அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டில் கள்ளர் புகுந்தபின் அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. பக்கத்து வளவில் வெங்காயம் செய்யும் புஷ்பராணி வீட்டில் நாய் குட்டி போட்டிருந்தது. ஒரு கடுவன் குட்டியை எடுத்தார். "தாயோடை இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் ஐயா, இப்பதானே கண் திறந்தது" என்று புஷ்பராணி மன்றாடியும் கேட்கவில்லை. இரண்டு வளவுக்கும் நடுவிலே கிடுகு வேலி. அதிலே நாய்கள் புகுந்து போகும் ஒரு பொட்டு இருந்தது. தாய்நாய் அதால் வந்து பால் கொடுக்கப் பார்த்தது. நடராசா ஐயா அந்தப் பொட்டைத் தகரம் வைத்து அடித்து மூடினார். தாய் பல நாள் வந்து தகரத்தைப் பிறாண்டிவிட்டுப் போனதாம்.

குட்டியைப் பழைய கோழிக்கூட்டுக்குள் விட்டு, சுற்றிவர மறைத்து, வேறு ஒரு முகத்தையும் காட்டாமல் வளர்த்தார். சோறு அவர் கையால் மட்டும். வளர்ந்தபின் இரவில் அவிழ்த்து விடுவார், விடிந்ததும் கூட்டுக்குள் அடைப்பார். கழுத்துப்பட்டி கட்டவில்லை. கட்டினால் கள்ளன் பிடித்து அமத்த வசதியாகப் போய்விடுமாம். சிங்கன் என்று பெயர். எங்கள் ஊரில் வீரம் பேசுகிறவனைக் கேலியாகவும் சிங்கன் என்போம், மெச்சியும் சிங்கன் என்போம். அவர் மெச்சித்தான் வைத்தார்.

விசர்நாய்த் தடுப்பூசி போடப் போனபோது அவரே அதை முழங்காலுக்கிடையில் இறுக்கிப் பிடித்துத் தந்தார். பிடித்தபடியே பெருமையாகச் சொன்னார்: "பிள்ளை, உது என்ரை கையைத் தவிர வேறை கை அறியாது. கள்ளன் இறைச்சியிலை நஞ்சைத் தடவி எறிஞ்சாலும் திரும்பியும் பாராது."

"அப்ப உங்களுக்கு ஒரு நாள் ஏலாமல் வந்தால் ஆர் ஐயா உதுக்குச் சோறு வைக்கிறது?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கிறன்."

அதற்குப் பிறகு சிங்கன் ஒருநாள் வேலி பாய்ந்து புஷ்பராணியின் கோழிகளைக் கொன்றது. இரண்டு வளவுக்கும் கதைபேச்சு நின்றுபோயிற்று.

ஒரு காலை புஷ்பராணிதான் எனக்கு ரெலிபோன் எடுத்தாள். "டொக்டரம்மா, கெதியா வாங்கோ. நடராசா ஐயா கிணத்தடியிலை வழுக்கி விழுந்து கிடக்கிறார். சிங்கன் ஒருத்தரையும் கிட்ட விடுகுதில்லை."

நான் போய்ச் சேர்ந்தபோது வளவு வாசல் படலையடியில் அரை ஊர் நின்றது. அம்புலன்ஸ் வந்து, அதில் வந்தவர்கள் படுக்கையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஒழுங்கையில் நின்றார்கள். உள்ளே போன ஒருவருக்கு ஏற்கெனவே கையில் கடி. விடிகாலையில் நாயை அடைக்க முதலே அவர் விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து ஒரு கால் திரும்பிக் கிடந்தது. வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு மேலாகக் குறுக்கே சிங்கன் நின்றது. "போடா சிங்கன், போ" என்று அவர் ஈனக் குரலில் சொன்னால் இரண்டு அடி விலகும். படலைக்குள் ஒரு கால் விழுந்தால் பாய்ந்து வந்து பழையபடி அவருக்கு மேல் நிற்கும். இத்தனை வருடம் காவல் காக்கத்தான் அவர் பழக்கியிருந்தார். காவலை விடப் பழக்கவில்லை.

மோகன் என்ற பெடியன் இரும்பு அலவாங்கோடு நின்றான். "அடிச்சுப் போட்டுத் தூக்குவம் டொக்டர். மனிசன் செத்துப் போயிடும்."

அவன் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அந்த நாயைத் துரத்தி அடிப்பதென்றால் அது கிழவரின் நெஞ்சின் மேல்தான் நடக்கும். மாதகலில் இருந்து ஒருவர் வீச்சுவலையோடு வந்திருந்தார். வலையை எறிந்தால் இருவரும் ஒன்றாகச் சிக்குவார்கள், வெருண்ட நாய் முதலில் கடிப்பது கீழே இருக்கும் முகத்தை. என்னிடம் நீண்ட தடியில் பூட்டிய ஊசி இருந்தது. அதைக் குத்த நாய் ஒரு விநாடியாவது அசையாமல் நிற்க வேண்டும். யாரோ பொரித்த இறைச்சித் துண்டு ஒன்றை எறிந்திருந்தார்கள். எறும்பு மொய்த்தபடி அது கிடந்தது. நடராசா ஐயா பெருமைப்பட்டது பொய்யல்ல.

நான் பார்த்தது அவருடைய இடக்கையை. அது மட்டும் முறியாமல், நாயின் விலாவைத் தடவிக்கொண்டிருந்தது.

புஷ்பராணி வீட்டில் அவித்த சூடைமீன் இருந்தது. மயக்கக் குளிசைகளைப் பொடித்து, மீனோடும் சோற்றோடும் பிசைந்து, ஒரு சிரட்டையில் வைத்தேன். முருங்கைக்காய் பறிக்கும் கொக்கத்தடியால் சிரட்டையை மெல்லத் தள்ளினேன். சிங்கன் தடியைக் கடித்துச் சிராய் கிளப்பியது. சிரட்டை அவருடைய இடக்கைக்கு எட்டும் தூரத்தில் போய் நின்றது.

"ஐயா, உதிலை மருந்து கலந்திருக்கு. நீங்கள்தான் குடுக்கோணும்."

அவர் என்னைப் பார்த்தார். "நஞ்சோ பிள்ளை?"

"இல்லை ஐயா. நித்திரைக்கு."

"உண்மையைச் சொல்லும்."

"என்ரை பிள்ளையளாணை ஐயா. நித்திரைக்குத்தான்."

கண்ணை மூடிக்கொண்டார், மயங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு, "என்ரை கை எண்டு நம்பித்தானே தின்னப் போகுது" என்றார். விரல்களால் ஓர் உருண்டை எடுத்து நீட்டினார். சிங்கன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றது. சிரட்டை காலியாகும்வரை தின்றது. கடைசியில் விரல்களையும் நக்கியது.

மருந்து கொடுத்தால் மட்டும் போதாது என்பதை இளம் வைத்தியர்கள் கவனிக்க வேண்டும். வெருண்டு நிற்கும் நாயிடம் அந்த மருந்து தோற்றுப் போகும். நான் எல்லோரையும் ஒழுங்கைக்கு அப்பால் போகச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. இராசநாயகம் ஐயாவைப் போலக் குரலை இறக்கிச் சொல்லிப் பார்த்தேன். போனார்கள். அலவாங்கும் போனது. ஒரு வாளியைக் கவிழ்த்து, படலைக்குள் நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பின்னால் நடராசா ஐயாவின் குரல் மட்டும் கேட்டது. "படு ராசா. படு. ஒண்டுமில்லை. நான் இஞ்சைதானே கிடக்கிறன்." அந்த மனிதருக்கு அப்போது எவ்வளவு நோவு இருந்திருக்கும்!

உறுமல் நின்றது. கால் தடுமாறும் சத்தம் கேட்டது. மெல்லத் திரும்பினேன். சிங்கன் அவர் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. தடியூசியால் தொடையில் அடுத்த மருந்தைக் குத்தியபோது அது தலையைத் தூக்கிப் பார்த்தது, என்னை அல்ல, அவரை. பிறகு தலை விழுந்தது. அம்புலன்ஸ்காரர் ஓடிவந்து அவரைத் தூக்கினார்கள்.

கூட்டுக்குள் கண் விழித்த சிங்கன் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தின்னவில்லை. யார் என்ன வைத்தாலும் மூலையில் முகத்தை வைத்துக் கிடந்தது. டென்மார்க்கில் இருந்து மகள் பேசினாள். "டொக்டர், அப்பாவைச் சாகக் கிடத்திப் போட்டு நிண்ட நாய். நான் வந்து அவரை வீட்டை கூட்டிவர முதல் உதுக்கு ஊசியைப் போட்டு முடியுங்கோ." அவளைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அந்த ஊசி என் பையில்தான் இருந்தது. "நீங்கள் வரும்வரை பாப்பம் அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் நடராசா ஐயா முதலில் கேட்டது, "அது சாப்பிட்டதோ?"

"இல்லை ஐயா."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் புஷ்பராணியிடம் போனேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "என்ரை கோழியளைத் திண்ட நாய்க்கு நான் சோறு தீத்துறதோ? உங்களுக்கென்ன விசரோ டொக்டரம்மா?"

"உம்மடை குரலை அது குட்டியிலையிருந்து வேலிக்கு அப்பாலை கேட்டு வளந்தது. வேறை ஆற்றை குரலும் அதுக்குத் தெரியாது" என்றேன்.

அவள் உள்ளே போய் ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்துவந்து, வேலிப்பொட்டில் அடித்திருந்த தகரத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அவளிடம் வெள்ளைச்சி என்று ஒரு பெட்டை இருந்தது. சிங்கனோடு ஒரே வயிற்றில் பிறந்தது. எவரும் கேட்காததால் தாயோடு வளர்ந்தது, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வாலைப் பிடித்து இழுத்தாலும் சிரித்த முகமாய் நிற்கும். அது பொட்டால் நுழைந்து போய்க் கூட்டுக்கு முன்னால் படுத்தது. புஷ்பராணி கூட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வெள்ளைச்சிக்குத் தன் கையால் சோறு கொடுத்தாள். வார்ட்டில் இருந்து நடராசா ஐயா ரெலிபோனில் வந்தார். அதைச் சத்தமாக வைத்தோம். "சிங்கன், சாப்பிடடா, சாப்பிடு ராசா" என்று அந்த வளவு முழுக்க அவர் குரல் கேட்டது. நாய் காதை நிமிர்த்தியது. அன்று ஒரு வாய் தின்றது.

பல நாட்கள் இப்படியே போயின. முதலில் சிரட்டையில், பிறகு கம்பிக்குள்ளால், கடைசியில் கையில். ஒருநாள் புஷ்பராணி எனக்கு அழைத்து, "டொக்டரம்மா, பல்லுப் படாமல் எடுத்தது" என்று சொல்லிவிட்டு விம்மினாள். எத்தனை கோழி போனது என்ற கதை அதற்குப் பிறகு வரவில்லை. மகள் வந்தபோது, புஷ்பராணியின் கையில் சிங்கன் தின்பதை ஒழுங்கையில் நின்று பார்த்தாள். "சரி டொக்டர், இருக்கட்டும்" என்றாள்.

தம்பி, நீர் கேட்டீர், திருத்தலாமோ என்று. தாய் மூன்று மாதத்தில் சும்மா கொடுப்பதை நாங்கள் பிறகு கெஞ்சிக் கெஞ்சிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடுக்கலாம். முழுதும் போய்ச் சேராது. அந்தப் பெட்டிக் குட்டியை முதலில் அமைதியான ஒரு வளர்ந்த நாயோடு விடச் சொல்லும், வீட்டாரைக் கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கச் சொல்லும். மிச்சத்தை நடராசா ஐயாவிடம் கேட்டால் தெரியும்.

அவர் நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று நானும் நின்றேன். இடக்கையில் மீனும் சோறும் பிசைந்து நீட்டினார். சிங்கன் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது. கையை மோந்தது. முதுகு மயிர் எழும்பிற்று. பின்வாங்கி, வெள்ளைச்சிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. அந்தக் கை கொடுத்த மீன்சோற்றைத் தின்றுதான் அதன் உலகமே சுற்றிப்போய் விழுந்தது. அது மறக்கவில்லை.

"என்னைத்தான் கள்ளன் எண்டு நினைச்சிட்டுது" என்று சொல்லி அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "பிள்ளை, அது என்னை மன்னிக்குமோ?"

"நாய்க்கு மன்னிக்கத் தெரியாது ஐயா. பழகத்தான் தெரியும். நீங்கள் புது ஆளாப் பழகோணும்."

இராசநாயகம் ஐயாவின் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். பின்னேரத்தில் கிணற்றடியில் கதிரை போட்டு, நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். றஸ்க்கைத் தானே தின்ன வேண்டும். இடக்கையைப் பின்னால் விரித்துத் தொங்க விட வேண்டும். கூப்பிடக் கூடாது. திரும்பக் கூடாது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். தபால் கந்தோரில் ஊரையே வரிசையில் நிற்க வைத்த மனிதர், நாள் தவறாமல் தன் நாய்க்கு முன்னால் வரிசையில் நின்றார்.

நான் கடைசியாகப் போன பின்னேரம் படலையைத் திறக்க, "கதையாதேங்கோ" என்று மெல்லச் சொன்னார். கதிரையில் முதுகைக் காட்டி இருந்தார். பின்னால் தொங்கிய கையில் றஸ்க். சிங்கன் தரையோடு தரையாய்த் துகள்களை மோந்து வந்துகொண்டிருந்தது. வேலிப்பொட்டால் புஷ்பராணி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாய் கைக்குக் கிட்ட வந்து நின்றது. மூக்கை நீட்டியது. பின்வாங்கியது. மறுபடி நீட்டியது. பல்லுப் படாமல், றஸ்க்கை எடுத்தது.

"எடுத்திட்டான்! எடுத்திட்டான்!" என்று புஷ்பராணி வேலிக்குள்ளால் கத்தினாள்.

நடராசா ஐயா, நான் சொன்னதையெல்லாம் மறந்து கதிரையோடு திரும்பிவிட்டார்.

"ஐயா, திரும்பாதேங்கோ எண்டெல்லே சொன்னனான்!" என்று ஏசினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சிங்கன் பின்வாங்காமல், அவர் முழங்காலடியில் நின்று றஸ்க்கைக் கடித்துக்கொண்டிருந்தது.